தேரியைப் படம் எடுத்தவர்

பனைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி முக்கி முனகி மேடேறுகிற சத்தம் கேட்டது. லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டிருந்த லிங்கத்துரை நின்றார். சத்தம் தேய்ந்த பிறகுதான் ஜெபசீலி வீட்டு முற்றத்துக்குள் காலை வைத்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஜெபசீலிக்கு முப்பத்தைந்து.

அவள் மடியில் முறத்தை வைத்துப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இனி கேமராவத் தொடவே மாட்டேன் டீச்சர்.”

“போன மாசமும் இதத்தான் சொன்னீங்க அண்ணாச்சி.”

லிங்கத்துரை முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார்.

“தேரி மண்ண லாரி லாரியா அள்ளி, எங்க ஊர்க் கிணத்துக்கும் பள்ளத்துக்கும் அம்பதடிதான் பாக்கி. படத்தப் பெருசாப் போட்டு, விசாரிக்க வந்த அதிகாரி கையில குடுத்தேன். என்ன சொன்னாரு தெரியுமா?”

“என்னவாம்?”

“‘அருமையான இடமா இருக்கே, பிள்ளைகளக் கூட்டிட்டு ஒரு நாள் வரணும்’ங்காரு.”

ஜெபசீலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“சிரிங்க. வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. இன்னொரு படம் கேக்காவ. அதையும் இப்படியே எடுத்தா கிணறு போச்சு.”

“அந்தப் படத்தக் காட்டுங்க.”

காட்டினார். செக்கச் சிவந்த தேரி மணல்மேடு. நடுவில் பெரும் பள்ளம். சாய்ந்த வெயிலில் அதன் சரிவெல்லாம் பட்டு விரித்தாற்போல் கிடந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிசுபிசுத்த விரலை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டாள்.

“இங்கதான நின்னீங்க? உங்க கால் தடம் எங்க?”

“பனை ஓலையால பெருக்கிட்டேன். தடம் விழுந்தா படம் கெட்டுப்போகும்லா.”

“லாரித் தடம்?”

“அது அதவிட அசிங்கமாக் கெடந்துது. பெருக்கி முடிக்க அரை நாள் ஆச்சு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு டீச்சர்.”

“ஒடியத்தான் செய்யும்.”

படத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“அதிகாரி வாரதுக்கு முந்தின நாள் லாரிக்காரன் என்ன செய்வான் அண்ணாச்சி?”

“வண்டிக்குப் பின்னால முள்ளுக் கொப்பக் கட்டி இழுத்துட்டுப் போவான். எங்க ஊருக்கே தெரியுமே.”

“எதுக்கு?”

“எதுக்கா? மண்ணுல தடம்...”

கையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

ஜெபசீலி அடுத்த புளியை எடுத்துக் கொட்டையை நெம்பினாள்.