கீரிக்குப் பதில் மைனா

அல்லிக்குளத்தைச் சுற்றித் தும்மல் காய்ச்சல் பரவியது. லேசுப்பட்ட தும்மலா அது! யானை ஒரு தும்மல் போட்டது. எதிர்க்கரைப் பனைமரம் சாய்ந்தது. காட்டுக் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

"அவரவர் வளையிலேயே இருங்கள்! என் கூட்டிலிருந்தே உரக்கப் பாடம் சொல்கிறேன்!" என்றது நாரை மேடம். நாணலுக்குள் கூடு. கூட்டில் மூன்று முட்டைகள். அடைகாத்துக்கொண்டே வகுப்பு.

பக்கத்து வளையில் இருந்த செம்பன் என்ற கீரிக்கு முதலில் அழுகையே வந்தது. "முகம் பார்க்காமல் என்ன படிப்பு மேடம்!"

கொஞ்ச நாளில் அதுவே சுகமாகிவிட்டது. நாணல் மறைக்கிறது. குரல் கேட்டால் போதும். ஆளை யார் பார்க்கிறார்கள்?

செம்பன் ஒரு மைனாவைப் பிடித்தது. "பேர் கூப்பிட்டால் என் குரலில் 'உள்ளேன் மேடம்!' மற்றது எதைச் சொன்னாலும் 'புரிந்தது மேடம்!' அவ்வளவுதான். தினம் அத்திப்பழம் தருகிறேன்."

"எனக்குப் பாடம் புரியாதே?"

"எனக்கு மட்டும் புரிந்ததாக்கும்! சொன்னதைச் சொல்!"

மைனா வளை வாசலில் உட்கார்ந்தது. செம்பன் தூரத்து மணல்மேட்டில் வெயில் காய்ந்தபடி குறட்டை விட்டது.

ஒரு நாள், பாடத்தின் நடுவே நாணல் சலசலத்தது.

"செம்பா! பாம்பு! ஓடி வா!"

"புரிந்தது மேடம்!"

"சீக்கிரம் வாடா!"

"புரிந்தது மேடம்!"

கீரி வருகிறதென்ற தைரியத்தில், நாரை சிறகை விரித்துப் பாம்பை மறித்து நின்றது. வேறு யாரையும் கூப்பிடவில்லை.

கடைசியில் நாரை போட்ட அலறல் மணல்மேடுவரை கேட்டது. செம்பன் விழுந்தடித்து ஓடி வந்தபோது பாம்பு போய்விட்டிருந்தது. கூட்டில் ஒரு முட்டைதான் மிச்சம்.

நாரை பதறியபடி கீரியைத்தான் பார்த்தது. "அடிகிடி பட்டுவிட்டதா? வழியிலேயே உன்னைக் கடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன்!"

செம்பனுக்கு 'ஆமாம், கால் இடறிவிட்டது' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டது.

"மேடம்... நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னது மைனா."

நாரை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிஞ்சிய முட்டையின்மேல் மெல்ல உட்கார்ந்தது.

"நீ இல்லை என்று தெரிந்திருந்தால், பாறைமேல் இருக்கிற மயிலைக் கூப்பிட்டிருப்பேனே, அப்பா!"



இருக்கிறேன் என்று பொய்க்குரல் கொடுப்பவன், இல்லை என்று சொல்பவனைவிடப் பெரிய கேடு செய்கிறான்.