சுவரைப் பார்த்த அட்டை

“மூணு வருசமா ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நானா போட்டேன்?”

பாக்கியம் இதையே மூன்றாம் தடவையாகக் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவ வண்டி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மகள் இசக்கியம்மாளை இழுத்துக்கொண்டு நாலாம் வகுப்புக்குள் நுழைந்து, மூன்று வருடத்துப் பரிசோதனைச் சீட்டுகளையும் டாக்டர் கருணாகரனின் மேசையில் போட்டுவிட்டாள்.

போன வாரம் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பெரிய பவர். ஆறு வயதில் கண்ணாடி போட்டிருந்தால் தேறியிருக்கும். இப்போது ஒன்பது. இனிப் பார்வை திரும்புவது சந்தேகம்தானாம்.

பிள்ளை கடைசி வரிவரைக்கும் படித்தது, படித்ததைத்தான் எழுதினேன் என்றார் டாக்டர்.

“தெரியாத கண்ணால படிச்சாளாம். இவரு எழுதினாராம்.”

தலைமையாசிரியர் டீ வரவழைக்கட்டுமா என்றார். அதை நீங்களே குடியுங்கள் என்றுவிட்டாள்.

நர்ஸ் மெர்சி பத்தொன்பது வருடமாக அந்த வண்டியில் வருகிறவள். பட்டம் டாக்டருடையது, ஆனால் பள்ளிக்கூட வேலையை அவர் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அவளிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நான் எங்க தப்பு பண்ணினேன், சிஸ்டர்?”

மெர்சி கண் பரிசோதனை அட்டையை எடுத்து வழக்கமான ஆணியில் மாட்டினாள். எழுத்துகள் சுவரைப் பார்த்தன. பிள்ளைகளைப் பார்த்தது வெறும் முதுகு. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அந்த வெள்ளையில் அடிக்குச்சியை வைத்தாள்.

“முதல் வரி.”

“ட.”

“அடுத்தது.”

“ப, ர.”

குச்சி இறங்க இறங்க முப்பத்து நாலு குரலும் கூடவே இறங்கின. கடைசி வரியின் எட்டு எழுத்தும் வாய்ப்பாடு மாதிரி ராகத்தோடு வந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் பெருமை. பாக்கியத்தைப் பார்த்த பிறகுதான் அதை மடித்து வைத்தார்.

பதினொரு வருடமாக ஒரே அட்டை. பரிசோதனை நாளில் வரிசை நிற்பது அதற்குப் பக்கத்திலேயே. இசக்கியம்மாள் வருகைப் பதிவேட்டில் முப்பத்தொன்றாவது பெயர். அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் முப்பது தடவை கேட்டு முடித்திருப்பாள்.

டாக்டர் அட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் இங்க நாலு பேருக்குப் பார்வைக் குறைவுன்னு கண்டுபிடிச்சோமே, சிஸ்டர். கண்ணாடிகூடக் குடுத்தோமே.”

“மனப்பாடம் வராத நாலு பேர், டாக்டர்.”

பாக்கியம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். இசக்கியம்மாள் மேசையோரம் வந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் டாக்டரிடம் சொன்னாள்.

“புது அட்டை வாங்குனா ஒருநாள் முன்னாடியே எனக்குக் குடுங்க சார். வீட்ல படிச்சிட்டு வந்து இந்தக் கண்ணுக்கும் சரியாச் சொல்லிருதேன்.”