பிழை திருத்தி வருக

“புலிக்குழம்பு வைப்பது எப்படி என்று கணினியில் தேடுகிறார்கள், மேடம். புளி இல்லை. புலி.”

சொல்லிவிட்டு ஏகாம்பரம் மேசையில் ஓங்கித் தட்டினார்.

தேசிய நூலகத்தின் இயக்குநர் செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன கிடைச்சுதாம்?”

“காட்டிலாகா அறிக்கை.”

செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எந்த நாட்டுத் தேசிய நூலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே ஒருத்தர் வந்து, எங்களிடம் ஏகாம்பரம் என்று யாருமே இல்லையே என்பார். நமக்கு எதற்கு வம்பு.

செண்பகவல்லி வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் அங்கே முதல் கணினி வந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தூசி படாமல் துணி போட்டு மூடிவிட்டார்கள். அப்புறம் ஒருத்தரும் தொடவில்லை. துணியை எடுத்தவர் இவர்தான். அதிலிருந்து ஒவ்வொரு பதவியாக ஏறி இயக்குநர் நாற்காலிக்கே வந்துவிட்டார். நாட்டில் அச்சான புத்தகங்களையெல்லாம் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றியாயிற்று. மறுநாள் காலை திறப்பு விழா. இனி யாரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம்.

ஏகாம்பரம் அட்டவணைப் பிரிவின் தலைவர். புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் அவர் கையால் பதிந்தவை. வயதில் மூத்தவர்தான். ஆனாலும் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் செண்பகவல்லியைக் ‘குருவே’ என்று கூப்பிடுவார். சண்டை என்றால் மட்டும் மேடம்.

“தப்பாகத் தேடினாலும் சரியான புத்தகத்தைக் காட்டுகிற மாதிரி கணினிக்காரர்கள் செய்யப் போகிறார்களாமே?”

“ஆமா சார். நீங்க சரின்னா இன்னிக்கே செய்துடுவாங்க.”

“நான் சரி சொல்ல மாட்டேன். இப்போது இருப்பதே இருக்கட்டும்.”

இப்போது இருப்பது அவரே எழுதி வைத்த ஒரு வாசகம். யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் திரையில் வரும்: பிழை திருத்தி வருக.

“இல்லை என்றால் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிடுங்கள். தமிழைக் கொன்றுவிட்டு எனக்குச் சம்பளம் வேண்டாம்.”

விளையாட்டில்லை, மனுஷர் போய்விடுவார். அவர் போனால் அந்த அட்டவணைக்கு வேறு ஆளே கிடையாது. செண்பகவல்லி அந்தப் பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“உங்க இஷ்டம் சார். அதுக்கு முன்னால ஒரு வேலை. கீழே ஒரு அம்மா காலையிலிருந்து தேடிக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க.”

கீழே வாசிப்புக் கூடத்தில், வெள்ளோட்டத்துக்கு வைத்திருந்த கணினியின் முன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் வேலம்மாள். வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வந்தவர்.

“எங்கப்பா எழுதின புஸ்தகங்க ஐயா. தேனீ வளர்க்கிறதப் பத்தி. வெள்ளத்துல வீட்டுப் பிரதி போயிடுச்சு. தலைப்பு அவருக்கும் மறந்துபோச்சு. நான் புஸ்தகம் எழுதினேனா, நெசமாவான்னு தெனம் கேக்குறாரு.”

“பெயர்?”

அந்த அம்மாள் அடித்துக் காட்டினார். அளகர்சாமி.

பிழை திருத்தி வருக, என்றது திரை.

“வராதும்மா,” என்றார் ஏகாம்பரம். “அழகுக்கு ழ போட வேண்டும்.”

“அழகுக்குப் போடுங்க ஐயா. எங்கப்பாவுக்கு ள தான். பத்திரத்துல, ரேசன் கார்டுல, எல்லாத்துலயும் ள தான்.”

ஏகாம்பரம் விசைப்பலகையை இழுத்தார். அழகர்சாமி, தேனீ என்று அடித்தார். ஒரே ஒரு புத்தகம் வந்து நின்றது: ‘தேனீயிடம் நான் வாங்கிய கொட்டுகள்’.

“பார்த்தீர்களா,” என்றார் பெருமையாக.

வேலம்மாள் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். “ஐயோ, இதேதான்.”

ஏகாம்பரம் புத்தகத்தைத் திறந்தார். அட்டை விரிந்தது. தலைப்புக்குக் கீழே, கொட்டை எழுத்தில் ஆசிரியர் பெயர்.

அளகர்சாமி.

ஏகாம்பரம் அட்டையைப் பார்த்தார். தாம் பதிந்து வைத்திருந்த பெயரைப் பார்த்தார். திரும்பி, பின்னால் வந்து நின்ற செண்பகவல்லியைப் பார்த்தார். அவர் ஒரு நாற்காலியை இழுத்து ஏகாம்பரத்தின் பக்கம் தள்ளினார்.

ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் வேலம்மாள் செல்போனில் அப்பாவைப் பிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, “கிடைச்சிருச்சுப்பா” என்று கத்தினார். சந்தோஷத்தில் அழுகையும் வந்துவிட்டது. கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழேதான் இத்தனையும்.

“கொட்டுன்னு வருமே, அதா?” கிழக்குரல் சிரித்தது. “அப்ப நெசமாவே எழுதியிருக்கேன். பக்கத்துல யாரு?”

“எடுத்துக் கொடுத்த ஐயா.”

“ஐயாகிட்ட கேளு. என் பேரைச் சரியா போட்டிருக்காங்களா?”

ஏகாம்பரம் போனைக் கையில் வாங்கினார்.

“அட்டையில சரியாத்தான் இருக்குங்க ஐயா. நான்தான் தப்பா பதிஞ்சு வச்சிருந்தேன். இருங்க, இப்பவே மாத்திடறேன்.” பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். “குருவே, எப்படி எழுதிக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கச் சொல்லிடுங்க. புலிக்குழம்பு உட்பட.”

போனுக்குள் கிழவர் பேசிக்கொண்டே இருந்தார்.

“சிறப்பு ழ எல்லாம் நமக்கு எதுக்கு தம்பி? பொது ள போதும்.”