கப்பலுக்கு முன்னால் போகவேண்டியவர் யார்?

கவனமாகப் படியுங்கள். ஒரு கப்பலின் கதி உங்கள் தீர்ப்பில் இருக்கிறது.

முத்தலைத் துறையின் தலைவி மரகதவல்லி, கரையில் இருந்த கல்மேடை மேல் ஏறி நின்றாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு பொறுப்பேற்றதும் அவள் கட்டிய மேடை அது. எதிரே கடலில் ஒரு சிறு பாய்மரக் கப்பல், உள்ளே வர வழி தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதில் நாற்பது பேர். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி இளம்பரிதி.

கிழக்கே வானம் கறுத்துவிட்டது. புயல் வந்து சேர இரண்டு நாழிகைகூட இல்லை!

கப்பல்கள் வழக்கமாக நுழையும் தெற்கு வாயிலை இந்த ஆண்டு மணல் அடைத்துவிட்டது. மிச்சமிருப்பது வடக்கு வழி ஒன்றுதான். அங்கே தண்ணீருக்கு அடியில் பாறைகள் வரிசையாகக் கிடந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தெற்கு வாயில் அடைபட்டபோது, பெரியதம்பி என்ற வழிகாட்டி ஒரு படகை அந்தப் பாறைகளுக்கு நடுவே கொண்டுவந்தார். கடல் வழியைக் கரையில் வைத்துச் சொல்வதோ, எழுதி வைப்பதோ அந்தத் துறையில் வழக்கமில்லை. தண்ணீரில் போகும்போதுதான் காட்டிக் கொடுப்பார்கள். பெரியதம்பி இப்போது உயிருடன் இல்லை. அன்று அவருக்குத் துடுப்புப் போட்ட மூவர் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களும் அந்தப் பக்கம் போனதில்லை.

அந்தப் படகு வந்ததை மரகதவல்லியும் கரையிலிருந்து பார்த்தவள்தான். அது காலையா மாலையா என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது. பாதி வழியில் கூட்டம் முழுவதும் “ஐயோ!” என்று அலறியது மட்டும் காதிலேயே நின்றது. ஏன் அலறினார்கள் என்பது நினைவில்லை.

மூவரும் ஓடி வந்தார்கள். முதலில் பேசியவர் முத்திருளன். எந்தக் கல்யாணப் பந்தியிலும் அந்தப் பயணக் கதையைச் சொல்லாமல் அவர் எழுந்ததில்லை.

“என்னை அனுப்புங்கம்மா! நேத்து நடந்த மாதிரி இருக்கு. வழி தொடங்குற கழுகுப் பாறையிலிருந்து நாப்பது துடுப்பு போடணும். அப்போ இதோ, இந்தக் கல்மேடை படகு மூக்குக்கு நேரா வரும். உடனே இடப்பக்கம் திரும்பணும். இருபத்திரண்டு துடுப்பு, அப்புறம் வலப்பக்கம். நேரே கரைதான்! பெரியதம்பி மாமா தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தார்.”

அடுத்தவர் சேந்தன். “எத்தனை துடுப்புன்னு கேட்டா தெரியாதும்மா. துண்டு என்ன நிறம்னும் தெரியாது.”

“துண்டையே தெரியாதவன் பாறையைக் காட்டப் போறானாம்!” என்றார் முத்திருளன். பதற்றத்திலும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

“சிரிங்க அண்ணே” என்றார் சேந்தன். “எனக்கு ஒண்ணு மட்டும் மறக்கலை. நடுவழியில் கரைக்கு முதுகைக் காட்டி, திரும்பவும் கடலைப் பார்த்தே போனோம். செத்தோம்னு நினைச்சேன். வெள்ளை நுரை இடது கைப்பக்கமே இருந்தது. கறுத்த தண்ணியை விட்டு மாமா விலகவே இல்லை. மிச்சத்துக்கு, கயித்துல ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்துப் பார்த்துத்தான் நகருவேன்.”

மூன்றாமவர் காத்தையா. “பாறை வழின்னா கடல் தண்ணி ஏறும்போது போகணும். மெதுவாப் போகணும். முன்னால ஒருத்தன் கண்கொட்டாமப் பார்த்துக்கிட்டே இருக்கணும். எனக்கு ஞாபகம் இருக்கிறது அவ்வளவுதான், தாயி.”

கப்பலிலிருந்து சங்கு ஒலித்தது. ஒரு முறை, இரு முறை, மூன்று முறை! கட்டுமரம் தயாராக நின்றது. ஒருவர் அதில் முன்னே போகவேண்டும். கப்பல் அவர் பின்னால் வரும். மூவருமே தாம் சொன்னதை மனதார நம்பினார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா!” என்று கரையே கத்தியது.

மரகதவல்லி யாரை அனுப்ப வேண்டும்? ஏன்?

விடை:

சேந்தனை. முத்திருளன் அடையாளம் சொன்ன கல்மேடை அன்று கட்டப்படவே இல்லை! நாளாக ஆக நுணுக்கங்கள் உதிர்ந்துபோகும். திரும்பத் திரும்பக் கதை சொல்பவரின் மனம், காலியான இடங்களில் புதியவற்றை வைத்து நிரப்பிவிடும். அது அவருக்கே தெரியாது. காத்தையா சொன்னது எந்தப் பாறை வழிக்கும் பொருந்தும் தொழிலறிவு. அந்த நாளின் நினைவு அல்ல. சேந்தனிடம் எண்ணிக்கை உதிர்ந்துவிட்டது, நடந்ததன் சாரம் நின்றது. படகு கரைக்கு முதுகு காட்டியது என்று அவர் சொன்னபோதுதான், கூட்டம் ஏன் அலறியது என்று மரகதவல்லிக்குப் புரிந்தது. தமக்கு எது மறந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இடங்களில் ஆழம் பார்ப்பார்.

சேந்தனின் கட்டுமரத்துக்குப் பின்னாலேயே கப்பல் கரைக்கு வந்து சேர்ந்தது. முதல் மழைத்துளி விழுந்தபோது இளம்பரிதி இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டான். கப்பலின் வடத்தைப் பிடித்து இழுத்தவர்களில் முன்னால் நின்றவர் முத்திருளன்தான். “இழுங்கடா! இன்னும் ஒரு இழுப்பு!” என்ற அவர் குரல் காற்றையும் மீறிக் கேட்டது.