பளிங்கு மண்டபமும் மூக்காயியும்

பளபளவென்று பளிங்கில் மண்டபம் கட்டினார் ஒரு ஜமீன்தார். அவர் ஒரு தரம் இருமினால் மண்டபம் நாலு தரம் இருமியது. தரை பெருக்கிக்கொண்டிருந்த மூக்காயி சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறியா? சாயங்காலத்துக்குள்ள இந்த எதிரொலிய நீயே நிறுத்து. சுவத்துல ஒரு துணிகூடத் தொங்கக் கூடாது. முடியலைன்னா ஊரைவிட்டு ஓடிரு!"

வெளியே மழை. கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்க அனுமதி கேட்டு வந்த கீதாரிகள், கம்பளியைப் போர்த்தியபடி காலையிலிருந்து முற்றத்தில் நனைந்துகொண்டிருந்தார்கள். மூக்காயி அத்தனை பேரையும் உள்ளே கூட்டிவந்து நெருக்கமாக உட்காரவைத்தாள்.

"யார்றி இவங்கள உள்ள விட்டது?" என்று ஜமீன்தார் கத்தினார். குரல் ஒரே தரம்தான் கேட்டது.

"கம்பளி சத்தத்தைக் குடிச்சிருச்சு எசமான். சுவத்தை நான் தொடவே இல்லை."

"ஆட்டு நாத்தம் தாங்கலை. எல்லாரும் வெளிய போங்க!"

எழுந்து போனார்கள். வாசலைத் தாண்டியவர்களைப் பார்த்து, "தூரப் போ!" என்று இன்னொரு அதட்டல் போட்டார்.

காலி மண்டபம் அவரைப் பார்த்துச் சொன்னது: "போ... போ... போ... போ..."

மூக்காயி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நான் சொல்லலை எசமான்," என்றாள்.

ஜமீன்தார் மண்டபத்துக்குக் கேட்காத குரலில் முணுமுணுத்தார்: "கூப்பிடு அவங்களை. மேய்ச்சுக்கட்டும்."