தாளவாடி மலைக்குப் பொண்ணு கேட்ட கதை

மாதப்பன் வாயைத் திறந்தால் மகன் குமரேசனுக்கு ஒரு சம்பந்தம் கை நழுவும். ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. அதனால் மூன்றாவதாகக் கோபிசெட்டிபாளையத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, வாயைத் திறக்க வேண்டாம் என்று பஸ்ஸிலேயே அப்பாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தான்.

பெண் கோகிலாவின் அம்மா பாவாயி, சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள்: “தாளவாடி மலையில ரொம்பக் குளிருமாமா?”

“அதெல்லாம் இல்லைங்க,” என்றார் மாதப்பன். குமரேசனுக்கு மூச்சு வந்தது. “மூடுபனிதான் கொஞ்சம். காத்தால அருவாளால வெட்டித்தான் வாசலுக்கு வழி பண்ணோணும். வெட்டினதை வேலியோரம் அடுக்கி வெச்சுக்குவோம். கோடையில மாட்டுக்குத் தண்ணிக்காச்சு.”

பாவாயி முகம் சுருங்கியது. “யானை?”

“அது தங்கமானதுங்க. ராகிக் காவலுக்குப் போனப்ப, இருட்டுல நாலு மரத்துக்கு நடுவுல பரண் கட்டிப் படுத்தேன். மழை பேஞ்சுது, பொட்டுத் தண்ணி மேல விழலை. விடிஞ்சு பார்த்தா பரண் நடக்குது. நாலும் யானைக் காலு.”

“அப்புறம்?”

“எல்லை தாண்டிக் கர்நாடகாவுல, சாம்ராஜ்நகர்ல எறங்கினேன். அதுக்கு அங்க ஒரு சோலி இருந்துச்சு.”

குமரேசன் அப்பாவின் காலை மிதித்தான். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“சிறுத்தைதான் தொந்தரவு. குளிருதுன்னு அடுப்படியில வந்து படுத்துக்கும். எம் சம்சாரம் பூனைன்னு நெனைச்சுப் பாலூத்திப் பழக்கிட்டா. இப்பச் சர்க்கரை பத்தலைன்னா டம்ளரைத் தள்ளி வெச்சுருது.”

“சிறுத்தைக்குப் பால் காய்ச்ச எம் பொண்ணை அனுப்ப மாட்டேன்!” பாவாயி எழுந்தேவிட்டாள்.

குமரேசன் தலை குனிந்தான். பார்த்த நிமிஷமே கோகிலாவை அவனுக்குப் பிடித்திருந்தது.

காபித் தட்டோடு நின்ற கோகிலா மெதுவாகச் சொன்னாள்: “இருங்கம்மா. மாமா, எங்கூரு வெயில் உங்களுக்குத் தெரியாதுங்க. போன சித்திரையில என் நிழல் சூடு தாங்காம என்னைய விட்டுட்டுப் போய்ப் புளியமரத்தடியில உக்காந்துக்கிச்சு. நான் மட்டும் தனியா ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தா அங்கயும் காணோம். தாளவாடி பஸ்ஸுல ஏறிருச்சாம். இன்னும் திரும்பலை. நான்தான் வந்து அதுகூட இருந்துக்கோணும்.”

பாவாயி தன்னையறியாமல் மகளின் காலடியைப் பார்த்தாள்.

காபியைக் குடித்து முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மாதப்பன் பாவாயியிடம் சொன்னார்:

“பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. பொய்தான் கொஞ்சம் சாஸ்தியாச் சொல்லுது.”