சொல்லாமல் விட்ட இரண்டு சொற்கள்

இந்தக் கதையில் மூன்று பெண்கள் வருகிறார்கள். மூவருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. மூவரும் ஒரே செவிலியர் கல்லூரியில், ஒரே நாளில், ஒரே உறுதிமொழியின் முன்னால் நின்றார்கள். யார் என்ன செய்தார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

கல்லூரி தென்மாவட்டம் ஒன்றில் இருந்தது; பெயர் வேண்டாம். படிப்பு முடிந்து விடைபெறும் விழாவில் மாணவிகள் கையில் விளக்கேந்தி ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். "இறைவன் சாட்சியாக உறுதி கூறுகிறேன்" என்று அது தொடங்கும். "நோயாளியிடம் ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்" என்பது அடுத்த வரி. சொன்னவர்களின் பெயர்ப் பட்டியலில் மூத்த ஆசிரியை கையெழுத்திடுவார். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அசல் சான்றிதழ் தருவதில்லை என்பது அந்தக் கல்லூரி தானே வைத்துக்கொண்ட விதி.

முதலாமவள் இளவெயினி. அப்பா லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். சாமி படம் மாட்டாத வீட்டில் வளர்ந்தவள். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் அசல் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். இரண்டாமவள் பெலிசிட்டா, அவளுடைய அறைத்தோழி. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் ஆறு மாதம் வேலை பார்த்தபோது அவளுடைய நம்பிக்கை போய்விட்டது. அம்மாவுக்காக ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போய்வருவாள். இது இளவெயினிக்கு மட்டுமே தெரியும். மூன்றாமவர் தவமணி, இருபத்தாறு ஆண்டுகளாக அந்த உறுதிமொழியை வரிவரியாக வாசித்து மாணவிகளைச் சொல்லவைக்கும் மூத்த ஆசிரியை.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, 'இறைவன் சாட்சியாக' என்ற இடத்தில் 'மனசாட்சிப்படி' என்று சொல்ல அனுமதி கேட்டு இளவெயினி கடிதம் கொடுத்தாள். கல்லூரி முதல்வர் அதில் 'இயலாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதை அவளிடம் கொடுத்தபோது தவமணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கும் நம்பிக்கை கிடையாதும்மா. இத்தனை வருஷமா வாசிக்கிறேன், ஒரு நாளும் மனசுல இருந்து வாசிச்சதில்லை. நீ உதட்டை மட்டும் அசைச்சிடு. ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்து சொல்றதுல யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்த வரியே பொய் சொல்ல மாட்டேன்னு வருதே, மேடம்."



விழா நாளில் தவமணி வாசித்தார். இளவெயினி அந்த இரண்டு சொற்களின்போது வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மற்ற எல்லா வரிகளையும் தெளிவாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற பெலிசிட்டா ஒரு சொல் விடாமல் சொன்னாள். எதிர்வரிசையில் அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து தவமணி எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கி வந்ததும், 'ஐம்பத்திருவரும் முழுமையாகச் சொன்னார்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கடிதத்தை முதல்வர் மறந்திருக்கவில்லை. தேநீர் வேளையில் பெலிசிட்டாவைத் தனியே கூப்பிட்டார்.

"பக்கத்துல நின்னது நீதானே? அவ 'இறைவன் சாட்சியாக'ன்னு சொன்னாளா?"

தவமணி கையெழுத்திட்டது பெலிசிட்டாவுக்குத் தெரியாது.

"இல்லை, மேடம்."

அன்று மாலையே இளவெயினியின் சான்றிதழ் நிறுத்தப்பட்டது. பொய்யாகக் கையெழுத்திட்டதற்காகத் தவமணியிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். விடுதி அறையில் இளவெயினி துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெலிசிட்டா வாசலோடு நின்றுவிட்டாள்.

"இறைவன் சாட்சின்னு நான் சொன்னதே பொய். பத்து நிமிஷத்துல இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரலை, இளா."

"முதல் பொய் வந்துச்சே" என்றாள் இளவெயினி. அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

மாதம் முடிந்தது, அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. இளவெயினி வழக்குப் போட்டாள். மூன்று ஆண்டுகளாகக் கல்லூரித் தரப்பினர் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது அவள் ஒரு ஸ்கேன் மையத்தில் டோக்கன் கொடுக்கிறாள். ஊசி போடக் கற்ற கை, ஆனால் யாரையும் தொட அவளுக்கு அனுமதியில்லை. தவமணி தங்கை வீட்டில் இருக்கிறார். பழைய மாணவிகள் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. பெலிசிட்டா தீவிர சிகிச்சைப் பிரிவில் நல்ல செவிலி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். "சத்தியமா சொல்லுங்க சிஸ்டர், பிழைச்சுக்குவாரா?" என்று யாராவது கேட்டால் மட்டும் மருத்துவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

ஒருத்தி பொய் சொல்ல மறுத்தாள். ஒருத்தி பொய்யாக உறுதி சொல்லிவிட்டுப் பிறகு உண்மையைச் சொன்னாள். ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றப் பொய் எழுதினார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது: தவமணி எழுதிய பொய்தான் சரி. இளவெயினி வாயை மூடிக்கொண்டது அவளுடைய உரிமை. ஆனால் அவள் காத்தது தன்னை மட்டும்தான். பெலிசிட்டா சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை எந்த நோயாளிக்கும் தேவைப்படவில்லை. கேட்டவர் தண்டிப்பதற்காகக் கேட்டார். தவமணியின் பொய் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. உங்கள் விடை வேறாக இருந்தால் நான் வாதாட மாட்டேன், ஏனென்றால் எந்த விடையாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு விழாவில் உறுதிமொழியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எல்லாரும் சேர்ந்து சொல்லும் வழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மாணவிகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து, முதல்வரைப் பார்த்துச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது பேர். எல்லாருமே முழுவதும் சொன்னார்கள்.